ஆர்கேட்டாவுக்குப் போகிறோம்: மரமும் மூடுபனியும் பார்க்கக் கோத்தகிரியிலிருந்து அவ்வளவு தூரமா?

கோத்தகிரி தபாலம்மா எழுதியது:

வணக்கம். முப்பத்தோரு வருடம் தபால் நிலையத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களின் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். இப்போது என் பாஸ்போர்ட்டிலேயே முத்திரை விழப்போகிறது. மகன் கலிபோர்னியாவின் வடபகுதியில் ஆர்கேட்டா என்ற சின்னக் கடற்கரை ஊரில், கால் பாலி ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடிக்கிறான். மே மாத நடுவில் பட்டமளிப்பு விழா. நானும் வீட்டுக்காரரும் மூன்று வாரம் தங்குவதாக ஏற்பாடு.

அங்கே என்ன இருக்கிறது, என்ன எடுத்து வர வேண்டும் என்று மகனிடம் கேட்டால், "வாருங்கள் அம்மா, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். இந்தப் "பார்த்துக்கொள்ளலா"மை அவனுடைய பத்தாம் வகுப்புப் பரீட்சையிலிருந்து கேட்டு வருகிறேன். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரரின் கேள்வி வேறு. எங்கள் வீடு லாங்வுட் சோலைக்குப் பக்கத்தில். "கொல்லைக் கதவைத் திறந்தால் மரமும் மூடுபனியும் நிற்கின்றன. இதையே பார்க்க ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்கார வேண்டுமா? அமெரிக்கா போனால் அந்த நயாகராவையாவது காட்டச் சொல்" என்கிறார். நயாகரா நாட்டின் மறுகோடியில் இருக்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். நம்பவில்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். குளிர் எப்படி, நம் ஊர் ஸ்வெட்டர் போதுமா? எனக்கு இடது முழங்கால் சரியில்லை, அந்தக் காடுகளில் நடக்க முடியுமா? ராகி மாவும் மசாலாப் பொடிகளும் கொண்டுபோகலாமா? சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி அந்த ஊருக்கு எப்படிப் போவது? கரடி உண்டா?

சான் ஹோசேயில் கொடைக்கானல்காரன் எழுதியது:

வாழ்த்துகள் அம்மா. நான் மூன்று முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 450 கிலோமீட்டர். நிறுத்தாமல் ஓட்டினாலே ஐந்தரை மணி நேரம் ஆகும். உங்கள் மகன் வந்து அழைத்துப்போவதுதான் நல்லது. பகலிலேயே புறப்படுங்கள், பாதிக்கு மேல் வளைவுச் சாலை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு அது ஒன்றுமில்லை.

வழியிலேயே 'அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ்' என்று 50 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய சாலை ஒன்று ரெட்வுட் என்ற நெடுமரங்களின் காட்டுக்குள் போகிறது. மறுநாள் லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு, அதற்கடுத்த நாள் ஃபெர்ன் பள்ளத்தாக்கு. அத்தோடு முடிந்தது. ஊரில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு சதுக்கம், அதைச் சுற்றிக் கடைகள், நடுவில் புல்தரை. எங்கள் கொடைக்கானல் ஏழு ரோட்டில் இதைவிடக் கலகலப்பு அதிகம். சதுக்கத்தில் கஞ்சாப் புகை வாசம் வரும், பதற வேண்டாம், அந்த மாநிலத்தில் பெரியவர்களுக்கு அது சட்டப்படி அனுமதி. விழா முடிந்ததும் கிளம்பி யோசெமிட்டி தேசியப் பூங்காவைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வாருங்கள். மூன்று வாரம் அந்த ஊரில் இருந்தால் ஐயா உங்களை மன்னிக்க மாட்டார்.

குன்னூர் டீமேக்கர் எழுதியது:

கொடைக்கானல் தம்பி சொன்ன வழி சரி. "ஊரில் ஒன்றுமில்லை" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தங்கும் விடுதிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்படி, குன்னூரைப் பற்றியும் சுற்றுலாக்காரர்கள் இதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

2023இல் என் மகள் அதே பல்கலைக்கழகத்தில் படித்தபோது நானும் மனைவியும் ஆறு வாரம் அங்கே இருந்தோம். நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டம் பார்த்தவன் நான். இலையில் ஈரம் எவ்வளவு என்று கையில் எடுத்தாலே தெரியும். அதனால் அந்த ஊரை நான் மூக்காலும் தோலாலும்தான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் குளிர். மே மாதம் பகலில் 15, 16 டிகிரி, இரவில் 8, 9. ஊட்டியின் டிசம்பர் உறைபனி அங்கே கிடையாது. ஆனால் வெயில் ஏறி உடம்பு காயும் நேரமும் கிடையாது. காலையில் போட்ட ஸ்வெட்டர் மாலைவரை மேலேயே இருக்கும். நம் ஊர்க் கம்பளி தாராளமாகப் போதும். காற்றுத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று கூடுதலாக வையுங்கள், கடற்காற்று கம்பளியை மதிக்காது. இன்னொன்று, இரவு எட்டரை மணிக்குத்தான் சூரியன் மறையும். என் மனைவி முதல் வாரம் முழுக்க விளக்கேற்றும் நேரம் எது என்று தடுமாறினாள்.

விமானத்தில் போக நினைத்தால் ஒரு செய்தி. ஊருக்கு வடக்கே மெக்கின்லிவில் என்ற இடத்தில் சிறிய விமான நிலையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை கட்டியது. மூடுபனியைக் கலைத்து விமானம் இறக்க முடியுமா என்று அங்கேதான் சோதனை செய்தார்கள். பனியைச் சோதிக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றால் அங்கே எவ்வளவு பனி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போன விமானம் ஊருக்கு மேலே இரண்டு வட்டமடித்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டது. மறுநாள் மதியம்தான் இறங்கினோம். மனைவி, "குன்னூர் மலை ரயில்கூட இப்படித் திரும்பிப் போனதில்லை" என்றாள். மழைக்காலத்தில் பாறை விழுந்து ரயில் எத்தனை முறை நின்றிருக்கிறது என்று நான் நினைவுபடுத்தவில்லை.

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்விதான், நானும் இதையே கேட்டுக்கொண்டுதான் போனேன்.

நம் மூடுபனி மலை ஏறி வருகிறது. அங்கே அது கடலிலிருந்து நடந்து வருகிறது. கோடையில் உள்நாடு சூடாக, குளிர்ந்த கடல்மீது திரண்ட பனி கரைக்குள் இழுக்கப்படுகிறது. மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். கோடையில் வானம் கைவிரிக்கும்போது அந்த ரெட்வுட் மரங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது இந்தப் பனிதான். இலைகளில் படிந்து, திரண்டு, சொட்டி வேருக்குப் போகிறது. இலையும் நேராகவே கொஞ்சம் குடித்துக்கொள்கிறது. ஓராண்டில் அந்தக் காட்டுக்குக் கிடைக்கும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வரை பனியிலிருந்து வருவதாக ஆய்ந்து கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் அந்த மரம் கலிபோர்னியாக் கடலோரத்தையும் ஆரிகனின் ஒரு முனையையும் விட்டு உள்ளே போவதில்லை. ஒரு நாள் காலை மழையே இல்லை, சாலை உலர்ந்து கிடக்கிறது. மரத்தடியில் மட்டும் தரை நனைந்து சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குடையில்லாமல் போன நான் தலை நனைந்து திரும்பினேன். நம் சோலைக்குள்ளும் இப்படிச் சொட்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் சோலை மரம் காற்றுக்குப் பயந்து குனிந்து வளர்ந்தது. ஐம்பது, அறுபது அடியில் நின்றுவிடும். அங்கே அதே பனியைக் குடித்துவிட்டு முந்நூறு அடிக்கு மேல் போகிறது.

உயரமான மரம் எது என்று தேடி அலையாதீர்கள். 2006இல் கண்டுபிடித்த ஹைப்பீரியன் என்ற மரம்தான் உலகத்திலேயே உயரம், 115.9 மீட்டர். பாதையில்லாத இடத்தில் இருக்கிறது. தேடிப் போனவர்கள் அடிமரத்தைச் சுற்றி மிதித்தே மண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று 2022இல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. போனாலும் அதன் நுனி கண்ணுக்குத் தெரியாது. நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தால் மிஞ்சுவது கழுத்து வலி.

விழுந்த மரத்தைப் பாருங்கள். தம்பி சொன்ன அவென்யூவிலேயே ஃபவுண்டர்ஸ் தோப்பு என்று இருக்கிறது. சமதளம், அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றது. அங்கே டையர்வில் ஜயண்ட் என்ற மரம் 1991இல் சாய்ந்து அப்படியே கிடக்கிறது. சுமார் 110 மீட்டர். விழுந்த சத்தத்தைக் கேட்டு அரை மைல் தள்ளியிருந்த ஒருவர் ரயில் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தாராம். பக்கவாட்டிலேயே வேரிலிருந்து நுனிப்பக்கம் வரை எண்ணிக்கொண்டே நடந்தேன், நூற்று அறுபத்தெட்டு எட்டு வைத்தேன். பிடுங்கிக்கொண்டு நிற்கும் வேர்ப்பக்கம் எங்கள் தொழிற்சாலையின் மாடியைவிட உயரம். ஆனால் இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் இல்லை. சில மீட்டர் ஆழம்தான், மற்றதெல்லாம் பக்கவாட்டில் ஓடி அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்கிறது. விழுந்த உடல்மேல் ஃபெர்ன் எனப்படும் பன்னச் செடி முளைத்து, சிறு மரங்கள் வேர்விட்டு, அது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற எனக்கு அந்த மரம் மிகவும் பிடித்துப் போனதில் வியப்பில்லை.

வாசனையும் சொல்ல வேண்டும். சீகைப்பட்டையை ஊறப்போட்ட தொட்டிப் பக்கம் சின்ன வயதில் நின்றிருக்கிறீர்களா? அதே துவர்ப்பு வாசம். இரண்டிலும் இருப்பது டானின். அந்தத் துவர்ப்பும் ஓர் அடிவரை தடித்த பட்டையும்தான் பூச்சியையும் தீயையும் தள்ளி வைக்கின்றன.

இனி ஊர். தெரு எங்கே முடிகிறதோ அங்கே காடு தொடங்குகிறது. பதினான்காம் தெருவின் மேல்கோடியில் ரெட்வுட் பூங்கா, அதற்குப் பின்னால் ஆர்கேட்டா சமுதாயக் காடு. ஊராட்சிக்குச் சொந்தமான காடு என்று கலிபோர்னியாவிலேயே முதலில் 1955இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஊருக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஓடைக்காடு. உங்கள் லாங்வுட் சோலை கோத்தகிரிக்குத் தண்ணீர் தருவதுபோலத்தான். நுழைவுச்சீட்டு இல்லை, பஸ் கூட்டம் இல்லை, மக்காச்சோளம் விற்பவரும் இல்லை. அங்கே நிற்பவை இரண்டாம் தலைமுறை மரங்கள். முதல் தலைமுறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெட்டிவிட்டார்கள். அதன் அடிக்கட்டைகள் ஒரு சிறிய அறை அளவுக்கு இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கண்குழிபோல இரண்டு பள்ளங்கள். அடிமரம் மிகவும் தடித்திருந்ததால், பலகையைச் செருகி அதன்மேல் ஏறி நின்று அறுத்திருக்கிறார்கள். நம் கற்பூர மரத்தை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கிறதே, அதுபோல இந்தக் கட்டையைச் சுற்றியும் வட்டமாகப் புது மரங்கள். ஊசியிலை மரங்களில் இது அபூர்வம். இன்றும் அந்தக் காட்டில் அளவாக மரம் வெட்டுகிறார்கள், அந்தப் பணம் பூங்காக்களுக்கும் மேலும் காடு வாங்குவதற்கும் போகிறது. இதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றெரிச்சல் வந்தது.

அடுத்த வயிற்றெரிச்சல் ஊருக்குத் தெற்கே, விரிகுடா ஓரம். முன்னூறு ஏக்கர் சதுப்பு நிலம். கொக்கு, நாரை, நீண்ட அலகுக் கரைப்பறவைகள், நாணல், நடுவில் சமமான மண்பாதை. மூன்று நாள் காலையில் மனைவி அங்கேயே நடந்து, "என்ன அழகான ஏரி" என்று எல்லோருக்கும் படம் அனுப்பினாள். நான்காம் நாள் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அது ஊரின் கழிவுநீர் நிலையம்." உண்மைதான். ஊர்ச் சாக்கடையைக் குளங்களில் தேக்கி, நாணல் சதுப்புகள் வழியாக மெதுவாக ஓடவிட்டுச் சுத்தம் செய்து, பிறகுதான் விரிகுடாவில் விடுகிறார்கள். ஒரு பகுதி முன்பு குப்பைமேடாக இருந்த இடம். 1980களில் இப்படி மாற்றினார்கள். 1820களில் சலிவன் வெட்டிய ஊட்டி ஏரியில் கழிவு கலக்கும் கதை நமக்குத் தெரியும். அங்கே கழிவிலிருந்து ஏரி செய்திருக்கிறார்கள். மனைவி அனுப்பிய படங்களைத் திரும்பப் பெறவில்லை.

சாப்பாடு: ராகி மாவு, வறுத்து அரைத்த பொடிகள், தேயிலை எல்லாம் போகும். படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அரிசி வேண்டாம், பூச்சிக் கட்டுப்பாட்டு விதிப்படி இந்தியாவிலிருந்து அரிசி கொண்டுபோக அனுமதியில்லை. கறிவேப்பிலை கூடவே கூடாது, ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களுக்கு நோய் பரப்பும் என்று தடை. என் மனைவி ஈரத்துணியில் சுற்றிப் புடவைக்கு நடுவே வைத்திருந்தாள். இறங்கிய இடத்தில் ஒரு நாய் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தது. அவ்வளவுதான். தவறு எங்களுடையது, அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அன்று முழுவதும் அவள் நாயைத்தான் திட்டினாள்.

சனிக்கிழமை காலை சதுக்கத்தில் விவசாயிகள் சந்தை கூடும். விளைவித்தவரே விற்கிறார். கேரட், பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் நம் ஊர் மண்டியில் இருப்பவைதான், ஆனால் இலையோடு கட்டி வைத்திருப்பார்கள். அங்கே தடித்த பச்சை அவரைக்காய் கண்டேன். உரித்து, உருளைக்கிழங்கோடு குழம்பு வைத்தோம். ஐயாவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

கரடியைப் பற்றிக் கோத்தகிரிக்காரர் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில் அது பேக்கரிக் கதவையே திறக்கிறது.

கோத்தகிரி தபாலம்மா எழுதியது:

அண்ணா, இரண்டு முறை படித்தேன், இரண்டாம் முறை வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கறிவேப்பிலை வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நிழலில் உலர்த்தத் தொடங்கிவிட்டேன், உலர்ந்ததற்கும் தடையா? சாக்கடை ஏரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவர் பேரூராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருந்தவர். "அந்தக் குளத்துக்கு எத்தனை நாள் தேக்கம் என்று கேள்" என்கிறார். நயாகராப் பேச்சு இன்று எழவில்லை.

கரடி எங்கள் தெருவுக்கு வருவது உண்மை. அதனால்தான் கேட்டேன். தெரிந்த கரடி வேறு, தெரியாத கரடி வேறு.

விழா நடக்கும் இடத்தில் படி ஏற வேண்டுமா?

கூடலூர் பெண், இப்போது ஆர்கேட்டாவில், எழுதியது:

அம்மா, நான் இங்கே இரண்டாம் ஆண்டு. தேவர்சோலைப் பக்கம் வளர்ந்தவள். உலர்ந்த கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள், வாக்குவாதம் செய்து ஜெயிக்கும் இடமல்ல அது.

படிகள் உண்டு, நிறைய உண்டு. 1913இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, பிறகு ஹம்போல்ட் ஸ்டேட் என்று நீண்ட நாள் இருந்து, 2022இல்தான் இந்தப் புதுப் பெயர் வந்தது. பழைய பெயரின் ஆங்கில முதலெழுத்துகளை வைத்து 'ஹில்ஸ் அண்ட் ஸ்டேர்ஸ்', அதாவது 'மலையும் படிக்கட்டும் பல்கலைக்கழகம்' என்று கேலி செய்வார்கள். விழா ரெட்வுட் பௌல் என்ற விளையாட்டு மைதானத்தில் நடக்கும், சுற்றிலும் மரம். முழங்கால் பிரச்சினை என்று உங்கள் மகன் முன்கூட்டியே சொல்லி வைத்தால் படியேறாத இருக்கைக்கு வழி செய்வார்கள். வெயில் என்று நம்பி வெறும் பட்டுப்புடவையோடு மட்டும் வந்துவிடாதீர்கள், உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். என் தோழியின் அம்மா விழா முழுக்க என் கோட்டைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

ஃபெர்ன் பள்ளத்தாக்கைப் பற்றி: மே 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே வண்டி நிறுத்த முன்பதிவு அனுமதி வேண்டும், இணையத்தில் எடுக்க வேண்டும். நம் ஊருக்கு வருகிறவர்கள் இ-பாஸ் எடுப்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். இப்போது நம் முறை. உள்ளே ஐம்பது அடி உயரச் சுவர் இரண்டு பக்கமும் பன்னமாகவே இருக்கும். ஆனால் ஓடைக்குள் இறங்கி, விழுந்த மரங்களைத் தாண்டி நடக்க வேண்டும், கால் நனையும். உங்கள் முழங்காலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், இரண்டரைக் கிலோமீட்டர் வட்டப்பாதை, ஏறத்தாழச் சமதளம். அது கடலோரத்தில் இல்லை, மேட்டின்மேல் இருப்பதால் பனி நேராக மரங்களுக்குள் புகும். மே கடைசியில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதன் உறவு, இது இளஞ்சிவப்பு. அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு வீட்டு நினைவு தாங்கவில்லை.

போகும் வழியில் ஓரிக் பக்கம் எல்க் மான்கள் சாலையோரப் புல்லில் கூட்டமாக மேயும். மசினகுடிச் சாலையில் யானையைப் பார்த்து நிறுத்துகிறவர்களிடம் நாம் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

காட்டில் மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் செடியைத் தொடாதீர்கள். பாய்சன் ஓக். நம் செந்தட்டி தொட்ட உடனே எரிந்து அடங்கிவிடும். இது இரண்டு நாள் கழித்துக் கொப்புளமாகி, வாரக்கணக்கில் அரிக்கும். கடற்கரையில் "கடலுக்கு முதுகு காட்டாதே" என்று பலகை வைத்திருப்பார்கள். அது கவிதையல்ல. அமைதியாக இருக்கும் கடல் திடீரென ஓர் அலையை நெடுந்தூரம் ஏற்றிவிடும். தண்ணீரும் பனிக்கட்டிபோல இருக்கும், ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்ட நினைப்பில் இறங்க வேண்டாம். டிரினிடாட் என்ற மீனவர் ஊர் வடக்கே அரை மணி நேரத்தில் இருக்கிறது, மேலே பெஞ்சில் உட்கார்ந்தே கடல் பார்க்கலாம். அங்கேயும் பக்கத்து நகரமான யுரீகாவுக்கும் விமான நிலையத்துக்கும் பஸ் உண்டு, அடிக்கடி இல்லை.

யுரீகாவுக்கு சமோவா பாலம் வழியாகப் போனால் கீழே ஒரு தட்டையான தீவு தெரியும். துலுவாட் என்பது அதன் பெயர். இந்த மண்ணின் வியோட் மக்கள் ஆண்டுதோறும் சடங்கு செய்த இடம். 1860 பிப்ரவரியில், சடங்கு நடந்த நாள்களில், வெள்ளைக் குடியேறிகள் இரவில் வந்து பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வெட்டினார்கள். 2019இல் யுரீகா நகராட்சி தன் கையிலிருந்த தீவு நிலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. பழங்குடி நிலம் என்றால் என்ன என்று கூடலூரில் வளர்ந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலத்தில் போகும்போது மகனிடம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

சான் ஹோசேயில் கொடைக்கானல்காரன் எழுதியது:

டீமேக்கர் ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். 2018இல் எங்கள் மலையில் குறிஞ்சி பூத்தபோது, பார்க்க வந்தவர்கள் பூவின்மேலேயே உட்கார்ந்து படம் எடுத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதே ஆளாகிய நான்தான் ஹைப்பீரியன் எங்கே என்று இணையத்தில் தேடினேன். போகவில்லை, தேடினேன்.

மே கடைசி வார இறுதியில் அம்மா அங்கே இருந்தால் ஒரு கூத்து இருக்கிறது. மிதித்து ஓட்டும் விசித்திர வண்டிகள், மீன் வடிவம், டைனோசர் வடிவம் என்று ஆர்கேட்டா சதுக்கத்திலிருந்து கிளம்பி, மணல், தண்ணீர், சேறு எல்லாம் தாண்டி மூன்று நாளில் ஃபெர்ன்டேல் போய்ச் சேரும். 1969இல் தொடங்கியது. யோசெமிட்டியை அதற்காகத் தள்ளிப்போடலாம். ஆனால் ஊரில் மூன்று வாரம் என்பது இன்னமும் அதிகம்தான்.

குன்னூர் டீமேக்கர் எழுதியது:

தம்பி, தேடியதற்கு அபராதம் கிடையாது.

அம்மா, தேக்கம் எத்தனை நாள் என்று ஐயா அங்கேயே கேட்கலாம். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் தகவல் மையம் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகலில் தன்னார்வலர்கள் கூட்டிக்கொண்டு நடந்து விளக்குவார்கள், காசு கிடையாது. எங்களுக்கு விளக்கியவர் என் வயதுக்காரர். நான் தேயிலை ஆள் என்றதும் பறவையை விட்டுவிட்டு, உறைபனியில் தேயிலை கருகினால் என்ன செய்வீர்கள் என்று அரை மணி நேரம் என்னைக் கேட்டார்.

ஒரு வேண்டுகோள். நல்ல உயர்மலைத் தேயிலை கால் கிலோ கூடுதலாக எடுத்துப்போங்கள். அங்கே டீ என்று கொடுப்பது சுடுதண்ணீரில் நனைத்த நூல்பை. வீட்டுச் சொந்தக்காரருக்கு மகள் ஒரு நாள் நம் முறையில் போட்டுக் கொடுத்தாள். அவர் இன்னமும் மின்னஞ்சல் அனுப்புகிறார், எனக்கல்ல, தேயிலைக்கு.

கோத்தகிரி தபாலம்மா எழுதியது:

அரிசியை எடுத்துவிட்டேன். கறிவேப்பிலையை எடுத்துவிட்டேன், மனம் கேட்கவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஒரு கிலோ தேயிலை இருக்கிறது. விழுந்த மரம், தட்டைத் தோப்பு, சாக்கடை ஏரி, துலுவாட் என்று ஒரு தாளில் எழுதி மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டான். பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் போட்டேன்.

வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவருடைய பழைய அளவு நாடா, வேலையில் இருந்தபோது வைத்திருந்த அந்த முப்பது மீட்டர் நாடா, சட்டைகளுக்கு அடியில் இருந்தது.